பருப்புக் கணக்கு

புதிதாக ஒரு வேலையில் சேருகிறோம். இடம் புதிது. ஆட்கள் புதிது. வேலையும் புதிது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவர் நமக்கு வேலை கற்றுத் தருகிறார். அவர் சொல்வதைக் கேட்டு நடக்கிறோம். அது சரிதான்.

ஆனால், அவரே தவறு செய்தால்? நம்மையும் அதில் சேரச் சொன்னால்? "நமக்கு எதற்கு வம்பு" என்று வாயை மூடிக்கொள்ளலாமா? அல்லது உடனே ஊரைக் கூட்டிச் சத்தம் போடலாமா?

கமலாவின் கதையைப் படிப்போம். இது கற்பனைக் கதைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இதில் வரும் விதிகளும் அளவுகளும் உண்மையானவை.

1. கமலாவுக்கு வேலை கிடைத்தது

அது ஒரு சிறிய கிராமம். ஊர் நடுவில் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 80 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் சமையல் கூடம். அங்கே இரண்டு பேர் சமைக்கிறார்கள்.

பார்வதி பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே சமைக்கிறார். அவரோடு வேலை செய்த பெண் ஊரை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பார்வதிதான் கமலாவின் பெயரைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னார்.

"நல்ல பொண்ணு சார். கணவர் இல்லாம ஒரு குழந்தையை வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுது. வேலை குடுங்க" என்றார்.

கமலாவுக்கு வேலை கிடைத்தது. அவர் மகள் ராணி அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கமலாவும் படித்தவர்தான். பள்ளியில் அல்ல. இரவு நேர எழுத்தறிவு மையத்தில். எழுத்துக் கூட்டிப் படிப்பார். எண்களைக் கூட்டுவார், பெருக்குவார்.

முதல் நாள் பார்வதி எல்லாவற்றையும் காட்டினார். அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பருப்பு டப்பா, எண்ணெய், தராசு. மாலையில் இருப்புப் பதிவேட்டை நீட்டினார்.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடு கமலா."

"என்னக்கா இது?"

"தினமும் போடறதுதான். போடு."

கமலா போட்டார். என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை.

2. சுவரில் இருந்த எழுத்து

இரண்டாம் வாரம். கமலா சமையல் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பலகை தொங்கியது. புகை படிந்து கறுத்திருந்தது. துணியால் துடைத்தார். எழுத்துத் தெரிந்தது. மெல்லப் படித்தார்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு:
அரிசி அல்லது கோதுமை – 100 கிராம்
பருப்பு – 20 கிராம்
காய்கறி – 50 கிராம்
எண்ணெய் – 5 கிராம்

அன்று 75 பிள்ளைகள் வந்திருந்தார்கள். கமலா மனதுக்குள் கணக்குப் போட்டார்.

75 × 20 = 1,500 கிராம்.
அதாவது, ஒன்றரைக் கிலோ பருப்பு.

ஆனால் அன்று அண்டாவில் போட்டது ஒரு கிலோதான். அவர் கையாலேயே நிறுத்துப் போட்டார். பார்வதி அப்படித்தான் சொல்லியிருந்தார்.

கமலாவுக்கு ராணி சொன்னது நினைவுக்கு வந்தது. "அம்மா, நீ வீட்டுல வைக்கிற பருப்பு கெட்டியா இருக்கு. பள்ளிக்கூடத்துல ஏம்மா தண்ணியா இருக்கு?"

3. அவசரப்படவில்லை

கமலா உடனே யாரையும் குறை சொல்லவில்லை. முதலில் யோசித்தார்.

பருப்பு வரவே குறைவாக இருக்குமோ? தராசு சரியில்லையோ? புது விதி ஏதாவது வந்திருக்குமோ? நாம் படித்ததில் தவறோ?

தராசைச் சோதித்தார். கடையில் வாங்கிய ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். சரியாகக் காட்டியது. பலகையை மறுபடியும் படித்தார். 20 கிராம் என்றுதான் இருந்தது.

ராணியின் பழைய நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கடைசிப் பக்கங்களில் இப்படி எழுதினார்:

திங்கள் – பிள்ளைகள் 75 – பருப்பு 1 கிலோ
செவ்வாய் – பிள்ளைகள் 72 – பருப்பு 1 கிலோ
புதன் – பிள்ளைகள் 76 – பருப்பு 1 கிலோ
வியாழன் – பிள்ளைகள் 74 – பருப்பு 1 கிலோ

ஒவ்வொரு நாளும் தேதியும் போட்டார். அன்றன்றே எழுதினார். மறுநாள் நினைவிலிருந்து எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை. கையெழுத்துப் போடப் பதிவேடு வந்தது. இந்த முறை கமலா படித்தார். "பிள்ளைகள் 75. பருப்பு 1 கிலோ 500 கிராம்" என்று எழுதியிருந்தது.

அண்டாவில் போட்டது ஒரு கிலோ. ஏட்டில் இருப்பது ஒன்றரைக் கிலோ. மீதி அரைக் கிலோ எங்கே?

அதற்கும் அன்றே பதில் கிடைத்தது. பார்வதியின் துணிப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. இன்னொரு சிறிய பொட்டலத்தைக் கமலாவிடம் நீட்டினார்.

"இந்தா, ராணிக்கு வச்சுக் குடு. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

4. "வேண்டாம் அக்கா"

கமலாவுக்குக் கை நடுங்கியது. இந்த வேலையை வாங்கித் தந்தவரே பார்வதிதான். அவரை எதிர்த்துப் பேசுவது நன்றி கெட்ட செயல் ஆகாதா? வேலை போய்விட்டால் என்ன செய்வது?

பொட்டலத்தை வாங்கினால் என்ன ஆகும் என்றும் யோசித்தார். இன்று வாங்கினால் நாளை மறுக்க முடியாது. நாளை பிடிபட்டால் "அவளும் வாங்கினாள்" என்று சொல்வார்கள். அதன் பிறகு வாயைத் திறக்கவே முடியாது.

"வேண்டாம் அக்கா" என்றார்.

"ஏன்?"

அக்கம் பக்கத்தில் யாரும் இல்லை. கமலா மெதுவாகப் பேசினார்.

"அக்கா, இந்த வேலை நீங்க வாங்கிக் குடுத்தது. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இது பிள்ளைங்க பருப்பு. ராணியும் அங்கேதான் சாப்பிடறா. இனிமே முழுசாப் போட்டுச் சமைப்போம் அக்கா. இதுவரைக்கும் நடந்ததை நான் கிளற மாட்டேன்."

பார்வதியின் முகம் மாறியது.

"நேத்து வந்தவ நீ. எனக்குப் புத்தி சொல்றியா? மூணு மாசமா மதிப்பூதியம் வரல. வீட்டுக்காரர் படுத்த படுக்கை. மருந்துக்கு யார் குடுப்பா? நீ குடுப்பியா?"

கமலாவுக்குப் பதில் வரவில்லை. அந்தக் கஷ்டம் உண்மை என்று அவருக்குத் தெரியும்.

பார்வதி மேலும் சொன்னார். "ஏட்டுல உன் கையெழுத்தும் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

5. அந்தப் பருப்பு யாருடையது?

கதையை இங்கே சற்று நிறுத்துவோம். பள்ளி மதிய உணவு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 1950-களில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் நடந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று மைய அரசு நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் அப்போது பல மாநிலங்களில் சமைத்த உணவு தரவில்லை. தானியத்தை அளந்து கொடுத்தார்கள். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவே தர வேண்டும் என்றது.

2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஓர் உரிமை. அது யாரும் போடும் பிச்சை அல்ல. சலுகையும் அல்ல. அந்தச் சட்டம் வந்தபோது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளை உணவில் 450 கலோரி சக்தியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் என்று வைத்தார்கள்.

புரதம் பிள்ளைகளின் உடலை வளர்க்கும் சத்து. அது பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் அரைக் கிலோ குறைந்தால் என்ன ஆகும்? 20 கிராம் பெற வேண்டிய பிள்ளைக்குச் சுமார் 13 கிராம்தான் கிடைக்கும். தினமும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மாதத்தில் 20 நாள் பள்ளி நடந்தால், 10 கிலோ பருப்பு காணாமல் போகும்.

பார்வதி சொன்ன இன்னொரு செய்தியும் உண்மைதான். மதிய உணவு சமைப்பவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். 2009-இல் மைய அரசு அதை மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்குத்தான். பல மாநிலங்கள் அதற்கு மேல் சேர்த்துத் தருகின்றன. ஆனாலும் அது குறைவான பணம்தான். அதுவும் தாமதமாக வந்தால் குடும்பம் எப்படி நடக்கும்?

பார்வதியின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கை வைத்த இடம் தவறு. பணம் தராமல் தாமதம் செய்தது பிள்ளைகள் அல்ல. நிலுவைப் பணத்தை அரசிடம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது.

6. தலைமை ஆசிரியரிடம் சொன்னார்

கமலா இரண்டு நாள் பொறுத்தார். ஒன்றும் மாறவில்லை. மீண்டும் ஒரு கிலோதான். மீண்டும் பதிவேடு வந்தது.

"நான் போட்டது ஒரு கிலோ. ஒன்றரைக் கிலோன்னு இருந்தா என்னால கையெழுத்துப் போட முடியாது அக்கா" என்றார்.

பார்வதி ஏட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, கமலா தலைமை ஆசிரியரைப் பார்த்தார். கையில் ராணியின் பழைய நோட்டு இருந்தது.

"சார், நான் ஆறு நாளா எழுதி வச்சிருக்கேன். எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எவ்வளவு பருப்பு போட்டோம்னு இதுல இருக்கு. பதிவேட்டோட ஒத்துப் பாருங்க சார்."

"வேலைக்கு வந்த மூணாவது வாரமே புகாரா?"

"புகார் இல்ல சார். முதல் பத்து நாள் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. இனிமே படிச்சுட்டுத்தான் போடுவேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கமலா 'திருட்டு' என்ற சொல்லைச் சொல்லவில்லை. தான் பார்த்ததை மட்டும் சொன்னார். மற்றவர்கள் பேசிக்கொண்டதைச் சேர்க்கவில்லை. தன்னுடைய தவறையும் மறைக்கவில்லை. அதனால் அவர் பேச்சைத் தள்ளிவிட முடியவில்லை.

தலைமை ஆசிரியர் நோட்டைப் பார்த்தார். பதிவேட்டையும் பார்த்தார். "சரி, பார்க்கலாம்" என்றார். ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. தவறு வெளியே தெரிந்தால் தனக்கும் கெட்ட பெயர் வரும் என்று அவர் தயங்கினார். ஏனென்றால் பதிவேட்டில் அவர் கையெழுத்தும் இருந்தது.

கமலா மறுபடியும் போனார். இந்த முறை யாரையும் பற்றிப் பேசவில்லை. ஒரு யோசனை மட்டும் சொன்னார்.

"சார், தினமும் ஒரு டீச்சர் முன்னால நிறுத்துப் போடறோம். எவ்வளவுன்னு வாசல்ல இருக்கிற கரும்பலகையில எழுதிப் போடறோம். அப்புறம் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்."

இது புது யோசனை அல்ல. எவ்வளவு தானியம் வந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற விவரங்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டு விதிகளிலேயே இருக்கிறது. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உள்படப் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

ருசி பார்ப்பது சின்ன விஷயம் அல்ல. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். உணவில் பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்தவர் முன்பே சொன்னதாகவும், அதை யாரும் காதில் வாங்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. சமைப்பவர் கண்ணில் படுவது வேறு யார் கண்ணிலும் படாது. அவர் பேச வேண்டும். அவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும்.

7. கூட்டத்தில் நடந்தது

அந்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு அது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். குழுவில் பாதிப் பேர் பெண்கள். மதிய உணவைக் கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. 2015-இல் வந்த மதிய உணவு விதிகளில் இது இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். "பருப்பு ஏன் தண்ணியா இருக்கு?" என்று கேட்டார். தலைமை ஆசிரியர் இனி மறைக்க விரும்பவில்லை. இரண்டு கணக்குகளையும் எடுத்து வைத்தார்.

பார்வதி அழுதார். "எடுத்தேன். இல்லைன்னு சொல்லல. மூணு மாசமாப் பணம் வரலைன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார்.

கூட்டம் அமைதியானது. யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

அன்று நான்கு முடிவுகள் எடுத்தார்கள்.

முதல் முடிவு: தினமும் ஆசிரியர் முன்னால் நிறுத்துப் போட வேண்டும். கரும்பலகையில் எழுத வேண்டும்.

இரண்டாவது: இரண்டு தாய்மார்கள் முறை வைத்து வந்து ருசி பார்க்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது: பார்வதிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. பொருள் அறையின் சாவி இனி அவரிடம் இருக்காது.

நான்காவது: இருவருக்கும் வர வேண்டிய மதிப்பூதியத்தைக் கேட்டு, குழுவே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மனு அனுப்ப வேண்டும்.

மனுவைப் படித்துப் பார்த்துவிட்டுக் கமலா கையெழுத்துப் போட்டார். பார்வதியும் போட்டார். அடுத்த மாதம் இரண்டு மாதப் பணம் வந்தது. மூன்றாம் மாதப் பணத்துக்கு மறுபடியும் எழுதினார்கள்.

பார்வதி கமலாவிடம் பழையபடி பேசவில்லை. "உப்பை எடு", "அடுப்பைக் குறை" – அவ்வளவுதான் பேச்சு. கமலாவுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் அவர் பார்வதியின் கணவரைப் பார்க்க வீட்டுக்குப் போனார். பார்வதி கதவைத் திறந்தார். பேசவில்லை. உட்காரப் பாய் போட்டார்.

பள்ளி வாசலில் கரும்பலகை இருக்கிறது. "இன்று வந்தோர் 74. பருப்பு 1 கிலோ 480 கிராம்." பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். எழுத்தறிவு மையத்துக்குப் போகும் தாய்மார்களும் நின்று படிக்கிறார்கள். சிலர் விரல் விட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள்.

8. நாம் என்ன செய்யலாம்?

வேலை எதுவானாலும் வழி ஒன்றுதான்.

ஒன்று. முதலில் வேலையின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பலகை, பதிவேடு, விலைப்பட்டியல், எதுவானாலும் படியுங்கள். விதி தெரிந்தால்தான் தவறு தெரியும்.

இரண்டு. படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

மூன்று. அவசரப்படாதீர்கள். அது தவறுதலாக நடந்திருக்கலாம். ஒரு நாள் நடந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நான்கு. தேதி போட்டு எழுதி வையுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நோட்டு உங்களிடம், உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்து. பங்கு வாங்காதீர்கள். டீக்காசு என்றாலும், அரைக் கிலோ பருப்பு என்றாலும் வேண்டாம்.

ஆறு. ஆபத்து இல்லை என்றால், முதலில் அவரிடமே தனியாகச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள். ஆனால் அவர் மிரட்டுவார், அடிப்பார் என்று தோன்றினால் தனியாகப் போகாதீர்கள். நேரே மேலே இருப்பவரிடம் சொல்லுங்கள்.

ஏழு. சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள். டீக்கடையிலும் தெருக்குழாயிலும் பேசாதீர்கள். அங்கே பேசினால் செய்தி வதந்தியாகிவிடும்.

எட்டு. மேலே இருப்பவரும் கேட்கவில்லை என்றால், அவருக்கும் மேலே இருப்பவரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

மதிய உணவு, ரேஷன் போன்ற உணவுத் திட்டப் புகார்களைக் கேட்க, உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் குறைதீர்க்கும் அலுவலர் உண்டு. சட்ட உதவி வேண்டுமானால் 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம்.

9. வேறு வேலைகளில்

பெட்ரோல் பங்கில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு தந்திரத்தைப் பார்க்கலாம். வண்டிக்காரர் 500 ரூபாய்க்குப் பெட்ரோல் கேட்கிறார். பழைய ஆள் 200 ரூபாயில் நிறுத்துகிறார். "200 என்று காதில் விழுந்தது. மீதி 300-க்குப் போடுகிறேன்" என்கிறார். ஆனால் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமலே 300 வரை போடுகிறார். வண்டியில் விழுவது 300 ரூபாய்ப் பெட்ரோல். வாங்குவது 500 ரூபாய். நீங்கள் குழாய் பிடிக்கும்போது, ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பூஜ்யத்தில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அதுவே உங்கள் நேர்மைக்குச் சாட்சி. அளவில் சந்தேகப்படும் வாடிக்கையாளர் 5 லிட்டர் அளவுக் குவளையில் அளந்து காட்டச் சொல்லலாம். அது அவர் உரிமை. ஏமாந்தவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ரேஷன் கடையில் எடை போடும் வேலையா? தராசில் வெறும் தட்டு இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடை அளவு அலுவலரின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பணப் பெட்டியில் இருவர் வேலை செய்கிறீர்களா? வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் பணத்தை எண்ணி எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணம் குறைந்தால் புதியவர் மேல் பழி விழுவது வழக்கம். ஊதியச் சட்டப்படி, ஒருவர் கவனக் குறைவால் நட்டம் வந்தது என்று சொல்லி அவர் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன், அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்போது நீங்கள் எழுதி வைத்த கணக்கு உங்களுக்காகப் பேசும்.

அருஞ்சொற்கள்

இருப்புப் பதிவேடு – வந்த பொருள், செலவான பொருள், மீதி உள்ள பொருள் ஆகியவற்றை எழுதும் ஏடு
மதிப்பூதியம் – செய்யும் பணிக்காக மாதந்தோறும் தரும் தொகை
நிலுவை – வர வேண்டிய, இன்னும் வராத பணம்
நகல் – ஒரு தாளைப் போலவே எடுத்த இன்னொரு பிரதி

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. கமலா முதல் நாள் செய்த தவறு என்ன?
2. பார்வதியைக் குறை சொல்வதற்கு முன் அவர் எவற்றைச் சோதித்தார்?
3. பருப்புப் பொட்டலத்தை வாங்க அவர் ஏன் மறுத்தார்?
4. தலைமை ஆசிரியரிடம் இரண்டாம் முறை போனபோது என்ன யோசனை சொன்னார்?
5. கூட்டத்தில் எடுத்த நான்கு முடிவுகள் எவை?

கணக்குப் போடுங்கள்

1. ஒரு தொடக்கப் பள்ளிக்கு இன்று 60 பிள்ளைகள் வந்தார்கள். ஒருவருக்கு 20 கிராம் வீதம் எவ்வளவு பருப்பு வேண்டும்?
2. அதே பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு 50 கிராம் வீதம், எவ்வளவு காய்கறி வேண்டும்?
3. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒருவருக்கு 30 கிராம் பருப்பு. 40 பிள்ளைகளுக்கு எவ்வளவு?

(விடை: 1 கிலோ 200 கிராம்; 3 கிலோ; 1 கிலோ 200 கிராம்)

எழுதிப் பழகுங்கள்

உங்களுக்கு மூன்று மாதக் கூலி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரிக்கு ஐந்து வரியில் மனு எழுதுங்கள். தேதி, உங்கள் பெயர், வேலை, எந்த மாதங்களின் பணம், எவ்வளவு பணம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

பார்வதியை வேலையை விட்டு நீக்கியிருக்க வேண்டுமா? எச்சரிக்கை போதுமா? ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் மதிய உணவு அளவுப் பலகை எங்கே இருக்கிறது? இந்த வாரம் இரண்டு பேராகப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.